வாடிவாசலில் காத்திருப்பது

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ குறுநாவலைத் தொப்பம்பட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பது எனக்குப் பெரிய சுகம். பேச்சு அப்படியே நாக்கில் வந்து உட்காரும். மாடு பிடிக்க வந்த பிச்சியும் மருதனும் கூட்டத்தில் நெருக்கியபடி நிற்க, பக்கத்தில் கிழவர் பழைய மாடுகளின் கதையைச் சொல்லிக்கொண்டே போகிறார். காரி என்ற காளை வெளியே வருவதற்குள் எத்தனை பக்கம்! செல்லப்பாவுக்கு அவசரமே இல்லை. மாடு வந்தபின் திமிலில் கை விழுவது, கொம்பு திரும்புவது என்று ஒவ்வொன்றும் தனித்தனியே கண்ணில் படுகிறது. ஜல்லிக்கட்டை ஆசைஆசையாகப் பார்த்த கண்ணுக்குத்தான் அந்தச் சின்ன அசைவுகள் பிடிபடும்.

செல்லப்பா எங்கள் மாவட்டத்து வத்தலக்குண்டுக்காரர். எழுதுகிற அதே பொறுமை விற்பதிலும் இருந்தது. தானே புத்தகம் போட்டு, மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். மூன்று பாகமுள்ள ‘சுதந்திர தாகம்’ நாவலை 1997இல் சொந்தப் பொறுப்பில் வெளியிட்டபோது எண்பதைத் தாண்டியிருந்தார். அந்தக் கனத்த பாகங்களைக் கையில் எடுத்தாலே முதலில் அவருடைய தோள்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ‘வாடிவாசல்’ ஒரே மூச்சில் முடிந்துவிடும். நான் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திப் படிக்கிறேன், முக்கியமாகக் கிழவர் பேசும் இடங்களை.