முகவீணைக்கு மைக் வேண்டாம்

கூத்தில் எனக்கு முதலில் முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல்தான். வேஷம், அடவு, வசனம், கட்டியங்காரன் பேச்சு எல்லாம் அதற்கு அடுத்தபடி. சின்னசேலம் கடைவீதியில் இதைச் சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. என்னோடு கூத்துக்கு வருகிறவர்களில் ஒருவருக்குத் திரைப் பிரவேசம் இருந்தால் போதும். திரைக்குப் பின்னால் நின்றபடி வேஷக்காரர் முதல் விருத்தத்தை எடுக்கும்போதே வந்த காரியம் முடிந்தது என்பார். இன்னொருவருக்கு மத்தளம். "அந்த ஊதல் இல்லாமலே கர்ணமோட்சம் நடக்கும்ணே, மத்தளம் இல்லாம நடக்குமா?" என்று கேட்பார். நடக்காதுதான். ஆனால் கூத்து நடந்துவிடுவதும் அது மனசில் தங்குவதும் ஒன்றல்ல.

என் காதைத் திருப்பிவிட்டவர் ஒரு பெரியவர். கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து ஒரு கூத்து ஜமாவுக்கு ஊத வருவார். பகலில் கரும்பு வெட்டு, இரவில் முகவீணை. பெஞ்சின் ஓரத்தில், ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, களரி கட்டி முடிகிறவரை சீவாளியை வாயில் ஊறவைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருப்பார். முகவீணைக்காரர்களில் பெரும்பாலோர் பாட்டின் பின்னாலேயே வருவார்கள். பாடகர் ஓரடி பாடினால் அந்த அடியைத் திருப்பி ஊதுவார்கள், பின்பாட்டுக்காரர்களோடு சேர்ந்துகொள்வார்கள். அதுவும் நல்லதே. இவர் அப்படிச் செய்ய மாட்டார். அடியின் முன்பாதியைப் பாடகருக்கே விட்டுவிட்டு, அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் நுழைவார். பாடகர் விட்ட சுரத்தில் தொடங்க மாட்டார். அதற்கு ஒரு சுரம் மேலே பிடித்து, இழுத்து, மெல்ல அந்த இடத்துக்கு வந்து சேர்வார். பாடகருக்கு மூச்சு திரும்புகிற நேரமும் இவர் இறங்கி முடிகிற நேரமும் ஒன்றாக இருக்கும்.

கர்ணமோட்சத்தில் பொன்னுருவி கர்ணனின் பிறப்பைச் சொல்லிக் குத்திக்காட்டுகிற கட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. தருவும் பதில் தருவுமாக வேகம் ஏறிக்கொண்டே போகும். மற்ற ஜமாக்களில் முகவீணை இங்கேதான் துள்ளும். அந்தப் பெரியவர் இங்கே வாத்தியத்தை மடியில் வைத்துவிடுவார். பொன்னுருவி பேசுகிற அத்தனை நேரமும் மத்தளமும் டோலக்கும் தாளமும்தான். கர்ணன் பதில் சொல்ல வாயெடுக்கும்போது ஒரே ஒரு நீண்ட சுரம் வரும். அவ்வளவுதான். பிறகு விடியற்காலம், கர்ணன் விழுந்து கிடக்க, குந்தி வந்து மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு முகாரியில் அழுவாள். அப்போது பெரியவர், பொன்னுருவி நடுராத்திரியில் ஏசிய அதே தருவின் மெட்டை, காலத்தைக் குறைத்து, முகாரிச் சாயலில் குந்தியின் அழுகைக்கு அடியில் ஊதுவார். கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது பிடிபட்டது என்று தெரியாது. மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது. மனைவி ஏசிய பிறப்பைத் தாய் வந்து ஒப்புக்கொள்கிறாள். அதை வசனத்தில் யாரும் சொல்வதில்லை. முகவீணை சொன்னது.

இது யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடமாக இருக்காது. கருமாதிக்குக் கர்ணமோட்சம் வைக்கிற நம் பக்கத்தில், வருஷத்துக்கு எத்தனையோ இரவுகள் அதே கதையை ஊதி ஊதி அவரே கண்டெடுத்தது. அவர் போன பிறகு அந்த ஜமாவில் வேறு யாரும் அப்படி ஊதியதில்லை.

முகவீணையைக் கீச்சுக்குழல் என்று ஒதுக்குகிறவர்கள் நாகஸ்வரத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவார்கள். நாகஸ்வரத்திலேயே கட்டையான, சுருதி ஏறிய திமிரி ஒரு காலத்தில் ஆண்டது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரிக்கு மாறி, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அதற்கு வடிவம் கொடுத்த பிறகு, தாழ்ந்த சுருதியும் அகன்ற நாதமும் உயர்ந்த ரசனை என்றாகிவிட்டது. பாரியின் தோடியை யார் மறுப்பது? ஆனால் அதன் பிறகு சுருதி ஏறிய எதுவும் நாட்டுப்புறம் என்று தள்ளப்பட்டது. சதிர்க் கச்சேரியிலும் ஒரு காலத்தில் முகவீணை இருந்தது. கிளாரினெட் வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. கடைசியில் கூத்துதான் அதை விடாமல் வைத்துக்கொண்டது. அதற்குக் காரணம் பழைமைப் பற்று என்று நான் நினைக்கவில்லை. கூத்து வெட்டவெளியில் நடக்கிறது. வெட்டவெளிக்கு அந்தச் சுருதி வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளக் கூத்துக்கு நடந்து போக வேண்டும். வண்டியை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு, கம்புக் கொல்லையும் மரவள்ளிக் கொல்லையுமாக இருக்கிற வண்டிப்பாதையில் நடப்பது என் வழக்கம். பங்குனி, சித்திரை இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ளது வெதுவெதுப்பாகவும் இருந்தால், மேலே போகிற ஒலி வளைந்து மறுபடி தரைக்கே வருகிறது. பகலில் அடுத்த தெருவுக்குக் கேட்காத சத்தம் இரவில் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்வது இதனால்தான். முதலில் வருவது மத்தளத்தின் இடந்தலை. அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது, நாலாபக்கமும் இருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் முகவீணை. அது கேட்ட அந்த நொடியில் திசை தெரிந்துவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது நொடிக்கு 2,000 முதல் 4,000 அதிர்வுகள் வரையிலான ஒலிகளை. இரட்டை நாணல் சீவாளியின் மேல்சுரங்கள் அந்த இடத்தில் மண்டிக்கிடக்கின்றன. பிறகு ஆர்மோனியம், பின்பாட்டு, கடைசியாகச் சொற்கள். ஒரு கூத்தின் இசையை அடுக்கடுக்காகப் பிரித்துக் கேட்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. களரிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்கிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

சென்னை நாடகக்காரர்கள் கூத்துக்குச் செய்த நன்மையை மறக்கக் கூடாது. ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார்; புரிசைக் கூத்துக் கலைஞர்களான நடேசத் தம்பிரானையும் கண்ணப்பத் தம்பிரானையும் பற்றி அவர் பேசியிருக்காவிட்டால் அந்த ஊரின் பெயர் இத்தனை தூரம் போயிருக்காது. ஆனாலும் அந்தத் தலைமுறை கூத்திலிருந்து எடுத்துக்கொண்டது அடவையும் கிறிக்கியையும் குரலின் வீச்சையும்தான். உடம்பை எடுத்துக்கொண்டார்கள், காதை எடுத்துக்கொள்ளவில்லை. கூத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் புஜகீர்த்திக்கும் கிரீடத்துக்கும் கிடைத்த இடத்தில் நூற்றில் ஒரு பங்கு முகவீணைக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

இரவெல்லாம் கூத்துக் கேட்டுவிட்டு மறுநாள் தூங்குவது சரியல்ல என்பது என் கட்சி. மறுநாள் மலைக்குப் போக வேண்டும். சின்னசேலத்திலிருந்து பார்த்தால் வடமேற்கில் கல்வராயன் எப்போதும் நிற்கிறது. தினமும் கடை திறக்கும்போதும் பூட்டும்போதும் கண்ணில் படுகிற மலைக்கு வருஷத்தில் ஒருமுறைகூடப் போகாதவர்கள் நம் ஊரில் நிறைய. கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கச்சிராயபாளையம் பக்கம் இன்னொன்று. சர்க்கரை ஆலை ஓடுகிற காலமென்றால் கரும்புப்பாகு வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிடும். கோமுகி அணையின் முழு மட்டம் 46 அடி. கோடையில் பாதிக்கும் கீழே கிடக்கும் அந்த நீரைத் தாண்டினால் ஏற்றம் தொடங்குகிறது.

என் கூட்டாளிகள் கரியாலூர்வரை வண்டியில் போய், படகுத்துறையைப் பார்த்து, மேகம் அருவியில் குளித்துவிட்டுத் திரும்புவார்கள். அருவியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரவு முழுக்க முகவீணை கேட்ட காதை அருவிக்கடியில் கொண்டுபோய் வைப்பது அநியாயம். அருவி எல்லாவற்றையும் அடித்துவிடுகிறது. நான் தார்ச்சாலையை விட்டு இறங்கி, மலைக்காரர்கள் கடுக்காயும் புளியும் சுமந்து இறங்கிப் பழகிய ஒத்தையடிப் பாதைகளில் ஏறுவேன். அங்கே குக்குறுவான் ஒன்று ஒரே காலப்பிரமாணத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த சரிவில் இன்னொன்று, காலம் ஒரு இழை தள்ளி. இரண்டும் சேர்வதும் விலகுவதுமாக இருப்பதைக் கேட்டுக்கொண்டே ஏறினால் ஏற்றம் தெரியாது. மூங்கில் உரசுவது, எங்கோ கீழே ஆட்டின் மணி, செம்போத்தின் அடித்தொண்டைக் குரல் என்று ஒவ்வொன்றும் தன் தூரத்தோடு வருகிறது. தூங்காத உடம்பு அசதியில் இருக்க, காது மட்டும் விழித்துக்கொண்டு இருக்கிறது. கூத்துக்கு மறுநாள் மட்டும்தான் எனக்கு மலை இப்படிக் கேட்கிறது.

ஏற்றத்தில் நடக்கிற முறையையும் அந்த மலையாளிப் பழங்குடி மக்களிடம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். தலையில் மூட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நடை. சமதரையில் ஓடவும் மாட்டார்கள், செங்குத்தில் நிற்கவும் மாட்டார்கள். நாம் கீழே வேகமாகத் தொடங்கி, பாதியில் இடுப்பில் கைவைத்து நிற்கிறோம். விளம்ப காலத்தைத் தாங்க முடியாதவர் துரிதத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதுபோல. அந்தப் பெரியவரின் ஊதலும் இந்த நடைதான் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. எங்கே வேகம் கூடும் என்று கூட்டம் எதிர்பார்க்கிறதோ அங்கே அவர் கூட்ட மாட்டார்.

2024 ஜூனில் கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, கள்ளக்குறிச்சியும் கல்வராயனும் நாடெங்கும் பேசப்பட்டன. அதற்குப் பிறகு வெளியூர்க்காரர் யாரிடமாவது மலைக்குப் போகிறேன் என்றால் ஒரு பார்வை பார்க்கிறார்கள். அந்தச் சாவுகளின் துயரம் இன்னும் தீரவில்லை. அதைச் சின்னதாக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் கடுக்காய் மரத்தடியும் சாமைக் கொல்லையும் அந்தப் பாதைகளும் கூட அந்த மலைதான்.

மறுபடி கூத்துக்கு, அதில் ஆர்மோனியத்துக்கு வருகிறேன். அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தள்ளிவைத்து, 1971-வரை உள்ளே விடவில்லை. கட்டைகளுக்கு நடுவே சுரமில்லை, கமகம் வராது என்பது குற்றச்சாட்டு. அது உண்மைதான், ஆனால் கூத்துக்கு அந்தத் தீர்ப்பைப் பொருத்த முடியாது. கூத்தில் ஆர்மோனியம் தரை, முகவீணை அதன் மேல் நடக்கிறது. முகாரியின் அந்த நெளிவு கட்டையில் இல்லை என்பது ஆர்மோனியக்காரருக்கே தெரியும். அதனால்தான் அந்த இடத்தில் கையைத் தளர்த்தி முகவீணைக்கு வழிவிடுவார். நல்ல ஜமாவில் இந்த வழிவிடலைக் கண்ணாலேயே பார்க்கலாம். இப்போது ஆர்மோனியமும் போய், முகவீணையும் போய், இரண்டுக்கும் பதிலாக ஒரு கீபோர்டு வருகிறது. அதில் நாதஸ்வரம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. துரியோதனன் பிரவேசத்துக்குச் சினிமாப் பாட்டு ஒன்று வாசிக்கப்படுகிறது, இளவட்டங்கள் விசிலடிக்கிறார்கள். ஜமாக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஆள் சம்பளம் மிச்சமாகிறது. சீவாளி கட்டக் கற்றுத்தருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

என் ஆத்திரமெல்லாம் மைக்கின் மேல்தான். முகவீணை இருக்கிற ஜமாவிலும் அதன் வாய்க்கு நேரே ஒரு மைக்கை நிறுத்துகிறார்கள். ஐந்து கட்டைச் சுருதியில் பாடப் பழகிய குரல்களும், வெட்டவெளிக்கென்றே அமைந்த வாத்தியமும், புளியமரத்தில் கட்டிய குழாய்க்குள் போய் ஒரே தகரச் சத்தமாக வெளியே வருகின்றன. நான் சொன்ன அந்த அடுக்குகள் எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு மைல் தள்ளி நின்றாலும் களரிக்கு முன்னால் உட்கார்ந்தாலும் ஒரே சத்தம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது. அதைக் காட்டித்தான் நடுராத்திரியில் கூத்தை முடிக்கச் சொல்கிறார்கள். பதினெட்டாம் போர் அரைகுறையாக நின்றுபோய், மறுநாள் படுகளத்தில் பீமன் வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த விதி முதலில் குறிவைத்தது பெருக்கியை. மத்தளத்துக்கும் முகவீணைக்கும் பெருக்கி எதற்கு? நம் தாத்தாக்கள் அது இல்லாமல்தான் விடிய விடியக் கேட்டார்கள்.

பங்குனி பிறந்தால் திரௌபதை அம்மன் கோயில்களில் கொடியேறும், ஆடி வரைக்கும் கூத்துதான். அச்சாரம் கொடுக்கப் போகிற ஊர்ப் பெரியவர்களிடம் நான் சொல்லிவருவது இதைத்தான்: வெற்றிலை பாக்கைத் தட்டில் வைக்கும்போதே கூத்து வாத்தியாரிடம் முகவீணை உண்டா, ஊதுகிறவர் யார் என்று கேளுங்கள், கர்ணமோட்சம் ஒரு இரவாவது மைக் இல்லாமல் நடத்தச் சொல்லுங்கள், அந்த ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்டால் கொடுங்கள். இரண்டு ஊர்க்காரர்கள் யோசிக்கிறோம் என்றிருக்கிறார்கள். ஒரு ஊரில் குழாய் வாடகைக்காரர் தர்மகர்த்தாவுக்கு மச்சான். அங்கே நான் இன்னொரு தடவை போய்ப் பேச வேண்டும்.