நிலமற்றோர் கையில் ஒரு வேளாண் நூல்

இயற்கை வேளாண்மை குறித்துத் தமிழில் வெளிவரும் எழுத்துகள் பலவற்றுக்கும் தூண்டுகோலாய் அமைந்த நூல், ஜப்பானியரான மசானபு ஃபுகுவோகா 1975 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. உழாமலும், இரசாயன உரமும் நஞ்சும் இடாமலும், வைக்கோலை வயலுக்கே திருப்பியளித்தும் ஒரு சிறு குடும்பம் வாழ இயலும் என்பது அதன் கொள்கை. அக்கொள்கையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தெரணியகலையின் லயங்களிலிருந்து அந்நூலைப் படிப்போர்க்கு ஒரு கேள்வி எழாமற் போகாது: இது யாரை நோக்கிப் பேசுகிறது?

ஃபுகுவோகா ஆய்வுக்கூட வேலையைத் துறந்தபோது, திரும்பிச் செல்வதற்குத் தந்தையின் பண்ணை இருந்தது. ஜப்பானின் சிறு பண்ணைகளோ, 1946 இல் தொடங்கிய நிலச் சீர்திருத்தம் குத்தகை உழவரைப் பெருமளவில் நிலவுடைமையாளராக்கியதால் வலுப்பெற்றவை. ஆளுக்குக் கால் ஏக்கர் போதும் என்று ஃபுகுவோகா கணக்கிடுகிறார். நியாயமான கணக்குத்தான். ஆனால் அக்கால் ஏக்கரை யார் கொடுப்பார், யாரிடமிருந்து பெறுவது என்னும் இடத்தில் அவர் பேனா நின்றுவிடுகிறது.

கால் ஏக்கர் என்பது 40 பேர்ச்சஸ். ஐவருள்ள குடும்பத்துக்கு 200. மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பமொன்றுக்கு வீடமைப்புத் திட்டங்களில் பேசப்பட்டு வந்த அளவோ 7 பேர்ச்சஸ்! அதற்கும் உறுதிப்பத்திரம் பெறாதோர் பலர். நூலுக்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள தூரத்தை இவ்விரு எண்களே காட்டிவிடும்.

சீதாவக்கை ஆற்றங்கரைக் கிராமங்களைப் பாருங்கள். பலாவும் கித்துளும் கமுகும் உயர்ந்து நிற்க, நிழலில் கோப்பியும் வாழையும் தழைக்க, மரத்தைப் பற்றி மிளகுக்கொடி ஏறுகிறது. ஃபுகுவோகா தேடியதை ஒத்த தோட்டத்தைச் சிங்கள உழவன் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளான். அதே மழை பெய்யும் அடுத்த சரிவில் தேயிலையும் இறப்பரும் நிற்கின்றன. லயத்தின் பின்புறத்தில் கீரையும் பயற்றையும் மட்டுமே வளர்கின்றன. தொழிலாளிக்குப் பயிர் அறிவில் குறையா? இல்லை. பலா காய்க்கப் பல்லாண்டு காத்திருக்க வேண்டும். நாளை இம்மண் தன்னுடையதா என்று அறியாதவன் சில வாரங்களில் பறிப்பதையே நடுவான். மண்ணைக் காக்கும் வேளாண்மைக்கு முதல் இடுபொருள் உரிமையே என்போம்.

இவ்வுரிமை எவ்வாறு தவறியது? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின, உழைத்தவனை உடைமையாளனாக்கவில்லை. 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும் அவன் நிலை மாறவில்லை. இப்போது சில தோட்டங்களில் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கம்பனியே வாங்கும் முறை வந்துள்ளது. இதனைச் சிறு பண்ணையின் மறுமலர்ச்சி என்பாருளர். நிலமும் விலையும் பிறர் கையிலிருக்க, இழப்பு மட்டும் குடும்பத்தின் தலையில் விழுமாயின், அது கொந்தரப்பின் புதுப்பெயரேயன்றி வேறென்ன?

நூலாசிரியரின் நேர்மைக்கு ஒரு பகுதி சான்று. தந்தையின் தோடைத் தோப்பைக் கவாத்துச் செய்யாது விட்டபோது மரங்கள் பட்டுப்போயின என அவரே எழுதுகிறார்; கைவிடுதல் வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்று கற்றுக்கொள்கிறார். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் தடைசெய்து நவம்பரில் பின்வாங்கிய இலங்கை அரசு இப்பக்கத்தைப் படித்திருக்கலாகாதா? உரத்துக்குப் பழகிய மண்ணைப் படிப்படியாகத் தேற்றாமல் கைவிட்டது அரசு. விளைச்சல் வீழ்ந்து வாடியவரோ உழவர்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யிலும் சி. வி. வேலுப்பிள்ளையின் கவிதைகளிலும் தேயிலை மலை, உழைப்பின் துயரக் கணக்கோடு வருகிறது. ஃபுகுவோகாவிடம் மண் அமைதியின் உறைவிடமாக வருகிறது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது. ஆனால் முதலாவதை மறந்து இரண்டாவதைப் போற்றுவது நிலமுள்ளோரின் இன்பமாகவே முடியும்.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் இந்நூலைப் படிக்கவே வேண்டும். வைக்கோலை மண்ணுக்குத் திருப்பிக் கொடு என்கிறது நூல். மண்ணை உழைப்பவனுக்குக் கொடு என்னும் வரியை நாம்தான் அதனோடு சேர்த்து எழுத வேண்டும்.