தாதா கையில் கால இயந்திரம்

தமிழ் சினிமாவில் யாராவது ஒரு விஞ்ஞானி எதையாவது கண்டுபிடித்தால், அது இடைவேளைக்கு முன்போ பின்போ ஒரு தாதாவின் கைக்குப் போய்விடும். 'இன்று நேற்று நாளை'யில் (2015) குழந்தைவேலு, 'மார்க் ஆண்டனி'யில் (2023) ஜாக்கி பாண்டியன், 'கூலி'யில் (2025) துறைமுகக் கடத்தல்காரர் சைமன் என்று பட்டியல் நீள்கிறது. அறிவியல் புனைவையும் நிழலுலகத்தையும் ஒரே பானையில் போட்டுச் சமைக்கும் இந்தப் பழக்கம் நம் படங்களுக்கு நன்மை செய்திருக்கிறதா?

ஓரளவுக்குச் செய்திருக்கிறது. கால இயந்திரம் ஆபத்தானது என்று பார்வையாளருக்குப் பாடம் எடுக்க இரண்டு காட்சியாவது வேண்டும். அதே இயந்திரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் நாலு அடியாட்களுமாக ஒருவரை நிறுத்திவிட்டால், விளக்கமே தேவையில்லை. விண்கலமும் வேற்றுக்கிரகமும் காட்டப் பணமில்லாத தயாரிப்பாளருக்கும் இது தோதான வழி.

இந்த வழியைப் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்திய படம், ஆர்.ரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை'. 2065இல் இருந்து அனுப்பப்பட்ட இயந்திரம் இரண்டு இளைஞர்களிடம் சிக்குகிறது. அவர்கள் உலகை மாற்றக் கிளம்பவில்லை. தொலைந்த பொருள் எங்கே போனது என்று கடந்த காலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜோசியம் சொல்வதுபோல் சொல்லிக் காசு பார்க்கிறார்கள். நம்மூரில் யார் கையில் கிடைத்தாலும் முதலில் இதுதான் நடக்கும்! அப்படிப் போய்வந்த ஒரு பயணத்தில், போலீஸ் என்கவுன்டரில் செத்திருக்க வேண்டிய குழந்தைவேலு பிழைத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு வரும் தொல்லை முழுவதும் இவர்களாக இழுத்துவிட்டுக்கொண்டது. தாதா இங்கே வெளியிலிருந்து வந்து இயந்திரத்தைப் பறிப்பவன் இல்லை. இயந்திரத்தின் விளைவே அவன்தான். திரைக்கதையிலிருந்து அவனை எடுத்துவிட்டால் படமே நிற்காது.

ஆதிக் ரவிச்சந்திரனின் 'மார்க் ஆண்டனி'க்குக் கிடைத்த கரு இதைவிடச் சுவையானது. 1975இல் சிரஞ்சீவி என்ற விஞ்ஞானி (செல்வராகவன்) கடந்த காலத்துக்குப் பேசக்கூடிய தொலைபேசி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். இருபது வருடம் கழித்து, 1995இல், அது மெக்கானிக் மார்க்கிடம் வந்து சேர்கிறது. ஒரு தேதிக்கு ஒரு முறைதான் அழைக்க முடியும் என்பது அதன் விதி.

இப்படி ஒரு விதி இருந்துவிட்டால் போதும், கருவி எப்படி வேலை செய்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கொல்லிமலைக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. நெருங்குபவரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவைக்குள் என்ன பொறி இருந்தது என்று யாரும் விளக்கியதில்லை. நெருங்கினால் சாவு என்ற ஒற்றை விதி, கதையை இத்தனை காலம் தாங்கி நிற்கிறது.

'மார்க் ஆண்டனி'யோ தன் விதியைப் பாதியிலேயே கூச்சலில் தொலைத்துவிடுகிறது. கையிருப்பில் இருக்கும் தேதிகள் தீர்ந்துபோகின்றனவே என்ற பதற்றம் ஒரு காட்சியிலாவது நம்மைத் தொற்ற வேண்டாமா? அப்பா, மகன் என்று இரண்டு வேடங்களில் எஸ்.ஜே.சூர்யா அடிக்கும் கொட்டத்தில் தியேட்டர் அதிர்கிறது, உண்மைதான். ஆனால் யார் அழைத்து எது மாறியது என்ற கணக்கு அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போகிறது. கதைக்குத் தேவையே இல்லாமல் சில்க் ஸ்மிதாவின் சாயலைக் கொண்டுவந்து ஒரு பேருந்துக் காட்சி வேறு.

பெரிய குறை இன்னொன்று. நிழலுலகம் என்பது முதலில் ஒரு வியாபாரம். சரக்கு, வசூல், கூலி, பங்கு என்று ஓடுவது. நம் தாதாக்களிடம் அறிவியல் கருவி கிடைத்தால் பழிவாங்க மட்டும்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதை வைத்து என்ன தொழில் நடத்தலாம் என்று யோசிப்பதே இல்லை. ரையன் ஜான்சனின் 'லூப்பர்' (2012) படத்தில் எதிர்காலக் குற்றக் கும்பல்களின் சிக்கல் மிகச் சாதாரணமானது: பிணத்தை மறைக்க முடியவில்லை. எனவே கொல்ல வேண்டியவரைக் கால இயந்திரத்தில் ஏற்றி முப்பது வருடம் பின்னால் அனுப்புகிறார்கள். அங்கே கூலிக்குச் சுடுபவன் துப்பாக்கியோடு காத்திருக்கிறான். அவனுக்கான வெள்ளிக்கட்டிகள் செத்தவனின் முதுகிலேயே கட்டப்பட்டு வருகின்றன. அந்த ஒரு விவரத்தில் ஒரு தொழிலின் முழு ஒழுங்கும் தெரிகிறது.

இதே இடத்துக்கு லோகேஷ் கனகராஜின் 'கூலி' தானாக வந்து சேர்ந்தது. சடலத்தைச் சாம்பலாக்கும் நாற்காலி ஒன்றை ராஜசேகர் கண்டுபிடிக்கிறார். சைமனின் கும்பல் அதைத் தன் கொலைகளின் தடயத்தை அழிக்கப் பயன்படுத்துகிறது. ஒரு முழுப் படத்துக்கான கரு. படமோ அதைத் தொட்டுவிட்டு, பழைய நட்பு, பழைய பகை என்று வேறு பக்கம் போய்விடுகிறது. ராஜசேகராக நடித்த சத்யராஜ்தான், 1986இல் சுஜாதா எழுத்தில் வந்த 'விக்ரம்' படத்தில் அக்னிபுத்திரன் ஏவுகணையைக் கடத்திய சுகிர்தராஜா. அதே தலைப்பில் 2022இல் லோகேஷ் எடுத்த படத்தில் ஏவுகணை இல்லை. போதைப்பொருள் இருந்தது, சந்தனம், ரோலக்ஸ் என்ற தாதாக்கள் இருந்தார்கள். அறிவியல் வெளியேற, தாதா தங்கிவிட்டார்.

விற்பனை என்ற கோணத்தைத் தொட்டவர் 'எந்திரன்' (2010) போரா ஒருவர்தான் என்று சொல்லலாம். ரோபோக்களைத் தீவிரவாதிகளுக்கு விலைபேசும் அந்தப் பேராசிரியர், தாதாவே இல்லை என்பது வேடிக்கை.

மொத்தத்தில், இந்தக் கலவையில் இன்றும் குறையில்லாமல் பார்க்கக்கூடியது 'இன்று நேற்று நாளை' மட்டுமே. 'மார்க் ஆண்டனி'யை எஸ்.ஜே.சூர்யாவுக்காக ஒருமுறை பார்க்கலாம். அடுத்து எழுத உட்காரும் திரைக்கதையாசிரியர்கள், கருவியைத் தாதாவிடம் கொடுப்பதற்கு முன், அதற்கு அவர் என்ன விலை வைப்பார் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.