தேர்வும் பெயர்ப்பும்: தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகள் குறித்து ஒரு நோக்கு

அமெரிக்கச் சிறுகதைகளுள் தலையாயவற்றைத் தேர்வோர் ஓ. ஹென்றியின் ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை’ (1905) என்ற கதையைப் பெரும்பாலும் விடுவதில்லை. மார்க் ட்வைனின் தவளைக் கதையும் (1865) அத்தகையதே. முன்னதன் உயிர் நிகழ்ச்சிப் பின்னலில் உள்ளது. எம்மொழியிலும் அது பிழைக்கும். பின்னதன் உயிரோ சைமன் வீலர் என்னும் முதியவரின் பேச்சு நடையில் உள்ளது. அதன் பிரெஞ்சுப் பெயர்ப்பை ட்வைனே சொல்லுக்குச் சொல் மீண்டும் ஆங்கிலமாக்கி 1875இல் வெளியிட்டு நகையாடினார். தம் மொழியினர்க்காகத் தேர்வோர் இவ்விரண்டையும் ஒருங்கே வைக்கலாம். பிறமொழியினர்க்காகத் தேர்வோர்க்கு அவ்வுரிமை இல்லை.

தில்லியின் நிலை இதுதான். சாகித்திய அக்காதெமியும் (1954) நேஷனல் புக் டிரஸ்டும் (1957) தொகுப்பிக்கும் கதைகள் பிற இந்திய மொழிகளுக்குச் செல்வதையும் எதிர்நோக்குபவை. டிரஸ்டுக்காக அசோகமித்திரன் தொகுத்த ‘புதிய தமிழ்ச் சிறுகதைகள்’ (1984) இவ்வகையில் குறிப்பிடத்தக்க முயற்சி. எனினும், பெயர்ப்பை எண்ணும் தொகுப்பாளர் எவரும் தம்மை அறியாமலே எளிதில் பெயர்க்கத்தக்க கதையின் பக்கம் சாய்கிறார் என்பது என் கருத்து.

புதுமைப்பித்தனின் இரு கதைகளை ஒப்பிடலாம். ‘சாபவிமோசனம்’ அகலிகையைப் பற்றியது. இராமகதை அறிந்த எம்மொழி வாசகர்க்கும் முன்னுரை வேண்டா. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ (1943) அவ்வாறன்று. சென்னையில் பிராட்வே, எஸ்பிளனேடு சந்திப்பில் தொடங்கும் இக்கதையில், போலிக் கம்பீரம் பூண்ட எழுத்து வழக்கும் திருநெல்வேலிப் பேச்சும் ஒன்றையொன்று கேலி செய்கின்றன. காப்பிச் சிக்கரியைக் கடவுளின் ‘லீலை’யோடு இணைக்கும் பகடி இந்தியில் தப்பிவிடும், ஏனெனில் அச்சொல் அங்கும் உண்டு. ‘பிள்ளைவாள்’ என்பதன் ‘வாள்’ தப்பாது. இந்தியின் ‘ஜீ’ மரியாதையைத் தரும். ஊரையும் உறவையும் உள்ளடங்கிய குறும்பையும் தராது. தமிழின் இரட்டை வழக்கே இக்கதையின் பொருள் எனலாம். தமிழ்ச் சிறுகதையின் தனித்தன்மையைக் காட்ட ஒன்றே போதும் எனின் நான் இதையே தேர்வேன். பெயர்ப்பாளர் என்னை மன்னிக்க வேண்டும்.

கி. ராஜநாராயணனிடமும் இச்சிக்கல் உண்டு. ‘கதவு’ எளிதில் செல்கிறது, குழந்தைகளும் வறுமையும் எங்கும் உள்ளமையால். ஆனால் கரிசல் வழக்குக்கு அகராதி தொகுத்த அவர்தம் சொல்வளம் முழுமையாக விளங்கும் கதைகள் பின்தங்குகின்றன. மௌனியின் இடர்ப்பாடு வேறு: அவரிடம் வட்டாரச் சொல் தடையன்று, தொடரமைப்பே தடை.

இதன் விளைவு சிறிதன்று. பெயர்ப்பின் வழியே தமிழை அறியும் வங்க வாசகரோ மராத்தி வாசகரோ, தமிழ்ச் சிறுகதை இரக்கமும் சமூக அக்கறையும் மிக்கது, நகைச்சுவை குன்றியது என்று முடிவு செய்யக்கூடும். தொகுப்புதோறும் பெயர்ப்புக்கு அடங்காத இரு கதைகளையேனும் சேர்த்து, அவற்றின் வழக்குகளுக்கு விரிவான குறிப்புரை அளிக்கலாம். செலவு சில பக்கங்களே.