ஆட்கொணர்வு: ஓர் இலத்தீன் தொடரின் ஒலிப்பும் தமிழாக்கமும்

நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதை அடுத்து, 1975ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் பெங்களூரில் கைது செய்யப்பட்ட வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே, சியாம் நந்தன் மிஸ்ரா ஆகியோர் தம் காவலை எதிர்த்துக் கர்நாடக உயர்நீதிமன்றத்தை நாடினர். அவர்கள் தொடுத்த மனுவின் வகைப்பெயர் 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்னும் இலத்தீன் தொடராகும். தமிழில் இது 'ஆட்கொணர்வு' என வழங்குகிறது. இத்தொடரின் ஒலிப்பும் பெயர்ப்பும் தனித்தனியே நோக்கத்தக்கன.

உரோமானியரின் பழைய ஒலிப்பு 'ஹபெயாஸ் கோர்புஸ்' என்பதற்கு அணுக்கமானது. இந்திய நீதிமன்றங்களுக்கு வந்து சேர்ந்ததோ ஆங்கிலேயர் நாவில் திரிந்த வடிவம். அதனைத் தமிழில் எழுதுங்கால் ஒற்றின் பணி தெளிவுறுகின்றது. 'ஹேபியஸ்' என்பதில் உயிர்களுக்கு இடைப்பட்ட பகரம் ஒலிப்புடை ஒலியாகத் தானே அமைந்துவிடும். 'கார்பஸ்' என எழுதினாலோ, 'மார்பு' என்பதிற்போல, அங்கும் ஒலிப்புடை ஒலியே பிறக்கும். 'கார்ப்பஸ்' என்று எழுதினாலன்றி மூல ஒலி கிட்டாது. கன்னடம் இரு வேறு எழுத்துகளால் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் ஓர் ஒற்றால் காட்டிவிடுகிறது. அச்சிடுவோர் இவ்வொற்றில் சிக்கனம் காட்டுவதுதான் வியப்பு.

பெயர்ப்பு இதனினும் நுட்பமானது. 'ஹேபியஸ்' என்பது முன்னிலை ஒருமை வினை. தமிழின் வியங்கோளோடு ஒப்பிடத்தக்கது. 'கார்ப்பஸ்' என்பது உடல். ஆகவே, 'நீ உடலை உடையையாகுக' என்பது சொற்பொருள். சிறைவைத்தவனை நோக்கிய ஆணை இது. தமிழில் 'உடலைக் கொண்டுவருக' என்றால் கேட்போர் பிணத்தையே நினைப்பர். மொழிபெயர்த்தோர் 'உடல்' என்னாது 'ஆள்' என்றது, உயிருடன் நிற்கும் மனிதனையே நீதிமன்றம் வேண்டுகிறது என்பதை மூலத்தினும் தெளிவாக்குகிறது. சைவ மரபின் 'ஆட்கொள்ளுதல்' என்பதில் 'ஆள்' அடிமையைக் குறிக்கும். புணர்ச்சியால் ஒத்து ஒலிக்கும் 'ஆட்கொணர்வு' என்பதிலோ அச்சொல் விடுதலைக்கு உரியவனைக் குறிக்கின்றது. 'கொணர்' என்னும் வினையும் பொருத்தமானதே. அது நீதிமன்றத்தில் இருந்துகொண்டு அழைக்கும் குரல்.

இழப்பும் உண்டு. வினை தொழிற்பெயராகச் சுருங்கியதில் முன்னிலை மறைந்தது. யாருக்கு இடப்பட்ட ஆணை என்பதைத் தமிழ்ச்சொல் கூறுவதில்லை. இது இலக்கண நுணுக்கம் மட்டுமன்று. நெருக்கடிநிலைக் காலத்தில் இம்மனுக்களைத் தொடுக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28இல் நால்வர் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது, எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். 'நீ' என்று அரசைச் சுட்டும் உரிமையே அன்று பறிபோயிற்று. கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017ஆம் ஆண்டில்தான் அத்தீர்ப்பு வெளிப்படையாக விலக்கப்பட்டது.

கோழிக்கோட்டுப் பொறியியல் மாணவர் இராசனைக் காவலர் 1976 மார்ச்சில் கொண்டுசென்றனர். தந்தை ஈச்சர வாரியர் 1977இல் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். நீதிமன்றம் இராசனை முன்னிறுத்தப் பணித்தது. ஆளும் வரவில்லை, உடலும் கிட்டவில்லை.