மே மாதத்து மீனும் ஜூலை மாதத்து மீனும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வால்ஐ மீனைப் பிடிக்கப் பிப்ரவரிக் கடைசியில் விதிக்கப்படும் தடை, மே நடுவில் ஒரு சனிக்கிழமை நீங்குகிறது. 1948 முதல் மாநில ஆளுநரே அந்த வார இறுதியில் ஓர் ஏரியில் தூண்டில் போட்டுப் பருவத்தைத் தொடங்கிவைக்கும் வழக்கம் இருந்துவருகிறது. 1965-இல் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட வால்ஐக்கு இந்த மரியாதை பொருத்தமானதே. இந்தக் கொண்டாட்டத்தின் நன்மை தீமைகளை எடைபோட மில் லாக்ஸ் ஏரியைவிடத் தகுந்த இடம் இல்லை. மினியாபொலிஸுக்கு வடக்கே சுமார் 100 மைல் தொலைவில், 1,32,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் இந்த ஏரியின் மிக ஆழமான இடமே ஏறத்தாழ 42 அடிதான். வால்ஐக்குப் பேர்போன இதே ஏரியில்தான் அந்த மீன் பல ஆண்டுகளாகத் தடுமாறிவந்தது. காரணம் என்ன என்று கேட்டால் இரண்டு கட்சிகள் எழுகின்றன. சினைவிடும் காலத்தை ஒட்டி மீன் பிடிப்பதே ஏரியைக் கெடுக்கிறது என்பது ஒரு கட்சி. பிடித்ததைத் திரும்ப நீரில் விட்டுவிட்டால் எந்தப் பருவத்திலும் பழுதில்லை என்பது மற்றொன்று. மீன் எத்தனை டிகிரி நீரில் பிடிபடுகிறது என்ற கேள்வியை இரண்டு கட்சியுமே கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்த்தால் வசந்த மீன்பிடிப்புதான் இந்த ஏரிக்கு ஆகக் குறைந்த சேதத்தைத் தருவது என்பது தெரியவரும். அதிலுள்ள குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில் சினையைப் பற்றிய கவலையை எடுத்துக்கொள்வோம். பனிக்கட்டி உருகி நீர் 6 முதல் 10 டிகிரி செல்சியஸை எட்டும்போது வால்ஐ கரையோரம் வருகிறது. காற்றும் அலையும் அடித்துக் கழுவிய கூழாங்கல் திட்டுகளில், சில அடி ஆழத்தில், இரவில் முட்டையிடுகிறது. கூடு கட்டுவதில்லை, காவல் காப்பதும் இல்லை. பெரிய பெண் மீன் ஒன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு ஆழத்துக்குத் திரும்பிவிடும். உருவில் சிறிய ஆண் மீன்கள்தான் முன்கூட்டியே வந்து, அந்தத் திட்டுகளைச் சுற்றி நாள்கணக்கில் தங்குகின்றன. இப்படி ஓரிடத்தில் குவியும் மீனைக் கட்டுப்பாடின்றி அள்ள விட்டால் சிறு நீர்நிலை எதுவும் தாங்காது. ஆகவே மே நடுவரை நீளும் தடை அறிவுள்ள ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் தடை நீங்குவதற்குள் முட்டையிடுதல் முடிந்துவிடுகிறது. ஆனால் தடை காப்பாற்றுவது முட்டையை மட்டுமே. முட்டை எங்கே குறைகிறதோ அங்கேதான் அதன் பயன் முழுமையாகக் கிடைக்கும்.

மில் லாக்ஸில் குறைவது முட்டை அல்ல. குஞ்சுகள் பொரிக்கின்றன, முதல் கோடையில் கண்ணில் படும் அளவுக்கு இருக்கவும் செய்கின்றன. அதன்பின் இரண்டாவது இலையுதிர்காலத்தை எட்டுவதற்குள் அவற்றில் பெரும்பகுதி காணாமற்போகிறது. மாநிலத்தின் இயற்கைவளத் துறை திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிவந்திருக்கும் சிக்கல் இதுதான். 1990-களின் நடுவிலிருந்தே ஏரியின் நீர் தெளியத் தொடங்கியது. 2005-இல் வரிக்குதிரைச் சிப்பிகளும் 2009-இல் முள்வால் நீர்ப்பூச்சியும் கண்டறியப்பட்டன. சிப்பி நீரை வடிகட்டி மேலும் தெளிவாக்குகிறது. நீர்ப்பூச்சியோ சிறு மீன்கள் தின்னும் நுண்ணிய மிதவை உயிர்களைத் தின்றுவிடுகிறது. மங்கிய ஒளியில் வேட்டையாடுவதற்கென்றே அமைந்த கண்களைக் கொண்ட வால்ஐக்குத் தெளிந்த, வெதுவெதுப்பான நீர் ஒவ்வாதது. ஒளியும் வெப்பமும் இந்த மீனுக்கு ஏற்றவாறு அமைந்த நீர்ப்பரப்பு மில் லாக்ஸில் சுருங்கிவந்ததால் ஏரி தாங்கக்கூடிய மீன்பாடும் சுருங்கியது என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. போதாக்குறைக்கு, வழக்கமான இரையான பெர்ச், டல்லிபீ மீன்கள் குறைந்தால் பெரிய வால்ஐ தன் இனத்துக் குஞ்சுகளையே தின்னும். நிலைமை இப்படி இருக்க, சினை மீனைக் காப்பாற்றினால் ஏரி தானே தேறிவிடும் என்பது பாதிக் கணக்குதான்.

இதற்கு எதிர்த்திசையிலிருந்தும் சான்று உண்டு. ஈரி ஏரியின் மேற்குப் பகுதியிலும் அதில் கலக்கும் மாமி ஆற்றிலும், ஒஹாயோ மாநிலத்தில், மார்ச் ஏப்ரல் மாதங்களில் சினைவிட வரும் வால்ஐயை ஆயிரக்கணக்கானோர் பிடிக்கிறார்கள், ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்றே. ஆற்றில் இரவில் பிடிக்கக்கூடாது, வாயின் உட்புறத்தில் முள் மாட்டாத மீனை விட்டுவிட வேண்டும், நாளொன்றுக்கு இத்தனை மீன்தான் என்று விதிகள் உண்டு. சினைக்காலம் என்பதற்காகத் தடை மட்டும் கிடையாது. அப்படியிருந்தும் 2015-க்குப் பிறகு பொரித்த சில வலுவான தலைமுறைகளால் அங்கே மீன் பெருகியே இருக்கிறது. ஈரி பன்மடங்கு பெரியது, சத்து மிகுந்த நீர் கொண்டது. ஆகவே அதன் விதியை அப்படியே மில் லாக்ஸுக்குப் பொருத்த முடியாது. ஆனால் சினைக்காலத்தில் தூண்டில் போடுவதே ஏரியை அழித்துவிடும் என்ற வாதத்தை உடைக்க இந்த ஒரு சான்று போதும்.

வசந்தத்தின் உண்மையான பலம் குளிர்ந்த நீர். மே மாதத்தில் மீனவர்கள் ஈயத்தலை முள்ளில் பொடிமீனைக் கோத்து, ஆழமற்ற இடத்தில் மெல்லத் தட்டித் தட்டி இழுக்கிறார்கள். தூண்டில் நரம்பு இறுக்கமாகவே இருப்பதால் மீன் கவ்விய கணமே கை சுண்டுகிறது. முள் பெரும்பாலும் உதட்டோரம் மாட்டுகிறது. குளிர்நீரில் ஆக்சிஜன் நிறைவாக இருப்பதால் போராடிக் களைத்த மீன் சீக்கிரம் தெளிகிறது. ஜூலையில் நிலைமை வேறு. தக்கைக்கு அடியில் நெளியும் அட்டையை மீன் நிதானமாக விழுங்குகிறது. தக்கை முங்குவதைக் கண்டு தூண்டிலைச் சுண்டுவதற்குள் முள் தொண்டைக்குள்ளோ செவுள் அருகிலோ இறங்கிவிடுகிறது. அதைப் பிடுங்கினால் இரத்தம் பெருகும். நரம்பை அறுத்து முள்ளை உள்ளேயே விட்டால் பிழைக்க ஓரளவு வாய்ப்புண்டு. முப்பது அடிக்குக் கீழிருந்து வேகமாக மேலே வந்த மீனுக்குக் காற்றுப்பை உப்பும் துன்பமும் சேர்ந்துகொள்கிறது. விடுவிக்கப்பட்ட மீன் வாலை அடித்து நீந்திப் போவதைப் பார்த்தவர் அது பிழைத்தது என்றே நினைப்பார். சாவு பல மணி நேரமோ சில நாளோ கழித்து வருகிறது. மில் லாக்ஸிலேயே, தூண்டிலில் பிடித்த மீன்களைச் சில நாள்கள் அடைப்பில் வைத்துப் பார்த்து 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. குளிர்ந்த நீரில் இறப்பு சொற்பம். நீர் சூடேற ஏற அது கூடுகிறது. முள் ஆழமாக இறங்கினால் இன்னும் கூடுகிறது.

2016-இல் இந்த உண்மை அரசின் கணக்கிலேயே வந்து நின்றது. அதற்கு முந்தைய ஆண்டில், ஒஜிப்வே பழங்குடிக் குழுக்களோடு பகிர்ந்துகொள்ளும் மீன்பாட்டு ஒதுக்கீட்டில் மாநிலத்தின் பங்கு தீர்ந்துவிட்டதால் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே வால்ஐ பிடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே 2016-இல் ஒரு மீனைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது, பிடித்து விடுவது மட்டுமே என்று விதி வந்தது; மாநிலத்தின் பங்கு 28,600 பவுண்டு. ஒருவரும் ஒரு மீனையும் வைத்துக்கொள்ளாத அந்த ஆண்டிலும், விட்ட பிறகு இறந்துபோன மீன்களின் மதிப்பீடே கோடை முடிவதற்குள் அந்தப் பங்கைத் தாண்டியது. 2017 ஜூலையில் பிடித்து விடுவதையும் நிறுத்திவைத்தார்கள். 2020-இல் மே மாதத்தில் குறிப்பிட்ட நீளமுள்ள ஒரே ஒரு மீனை வைத்துக்கொள்ளலாம், ஜூனில் பிடித்து விடலாம், ஜூலை முழுவதும் வால்ஐ பக்கமே போகக்கூடாது என்று பருவத்தை அமைத்தார்கள். வசந்தத்தில் உண்பதற்காகக் கொல்வதைவிடக் கோடையில் விளையாட்டாக விடுவது கூடுதல் செலவு பிடிக்கும் என்பதை நிர்வாகமே ஒப்புக்கொண்டதற்கு இது சமம். அதைப் பொதுமக்களிடம் வெளிப்படையாகச் சொல்லத்தான் தயக்கம் இருந்தது.

வசந்தப் பருவத்துக்குக் குறையே இல்லை என்பதல்ல இதன் பொருள். முதற்குறை, அது தரும் பொய்யான நிறைவு. தொடக்க வாரத்தில் மீன் கரையை ஒட்டிக் கூட்டமாக நிற்கிறது, பசியோடும் இருக்கிறது. படகுக்குப் படகு மீன் ஏறுவதைப் பார்ப்பவர்கள் ஏரி நிரம்பி வழிகிறது, இயற்கைவளத் துறைதான் ஏமாற்றுகிறது என்று முடிவுகட்டுகிறார்கள். இரை குறைந்த ஏரியில் மீன் எதைக் கண்டாலும் கவ்வும். ஆகவே தூண்டிலில் மீன் எளிதாகச் சிக்குவது வறுமையின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். எத்தனை கவ்வின என்பதை வைத்து எத்தனை இருக்கின்றன என்று சொல்ல முடியாது. இரண்டாவது குறை நீள வரம்பு. இத்தனை அங்குலத்திலிருந்து இத்தனை அங்குலம் வரையுள்ள மீனை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்னும் விதி பெரிய பெண் மீன்களைக் காக்கும் நோக்கம் கொண்டது. வரம்பு மிகக் குறுகும்போது பிடிப்பின் சுமை முழுவதும் ஓரிரு தலைமுறைகளின் தலையில் விழுகிறது. வரம்புக்குள் அடங்கும் ஒரு மீனைத் தேடி அடங்காத பலவற்றைப் பிடித்து விடவும் நேர்கிறது. குளிர்நீரில் இதன் விலை குறைவு. அதே விதி வெதுவெதுப்பான நீருக்குள் நீளும்போது வீண்சாவு பெருகுகிறது.

இங்கே ஒரு பெரிய ஆட்சேபம் எழும். 1837-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்த ஒஜிப்வே மக்கள் மீன்பிடி உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1999-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் அந்த உரிமையை உறுதிசெய்தது. அதன்படி அவர்கள் பனி உருகியதும், சினைவிடும் காலத்திலேயே, செவுள்வலையாலும் ஈட்டியாலும் வால்ஐ பிடிக்கிறார்கள். தூண்டில்காரர்களுக்குத் தடை இருக்கும்போது இது அநியாயம், ஏரியின் சரிவுக்கு இதுவே காரணம் என்று பலர் வாதிடுகிறார்கள். சினை மீன் சாவது கண்ணை உறுத்தும் காட்சி என்பது உண்மைதான். ஆனால் அக்டோபரில் தூண்டிலில் மாட்டி வறுபட்ட பெண் மீனும் அடுத்த ஏப்ரலில் முட்டையிடப் போவதில்லை. ஏரிக்கு முக்கியம் மொத்தம் எத்தனை பவுண்டு போனது என்பது. அந்த மொத்தத்தை மாநிலமும் எட்டு ஒஜிப்வே குழுக்களும் சேர்ந்தே வரையறுக்கின்றன. சினைத்திட்டில் ஈட்டிக்கு இலக்காவதும் பெரும்பாலும் அங்கே தங்கியிருக்கும் ஆண் மீன்கள்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, குழுக்களின் மீன்பாடு கரையேறும் இடத்திலேயே கணக்கில் ஏறுகிறது. தூண்டில்காரர்களின் மீன்பாட்டையோ மாதிரிக் கணக்கெடுப்பைக் கொண்டு மதிப்பிடத்தான் முடிகிறது. விட்டபின் செத்த மீனுக்கோ அந்த மதிப்பீட்டின்மேல் இன்னொரு மதிப்பீடு தேவைப்படுகிறது. உணவை வைத்து விளையாடுவதாகத்தான் பிடித்து விடுதலை ஒஜிப்வே மக்கள் பலர் பார்க்கிறார்கள். 28,600 பவுண்டுக் கணக்கைப் பார்த்தபின் அவர்களோடு வாதாடுவது கடினம்.

சரி, எல்லாவற்றையும் சில ஆண்டுகள் மூடிவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. அதே மாநிலத்தின் ரெட் லேக் ஏரியைச் சான்றாகக் காட்டுவார்கள். வணிக வலைப்பிடிப்பும் அத்துமீறலும் சேர்ந்து அங்கே வால்ஐயை ஏறத்தாழ ஒழித்துவிட்டன. பழங்குடி அரசும் மாநிலமும் 1999-இல் உடன்பட்டு மீன்பிடிப்பை நிறுத்தின, குஞ்சுகளை விட்டன, 2006-இல் ஏரி மீண்டும் திறந்தது. பாராட்டத்தக்க வெற்றி. ஆனால் அங்கே நோய் அளவுக்கு மிஞ்சிய பிடிப்பு; பிடிப்பு நின்றதும் குஞ்சுகள் வளர்ந்தன. மில் லாக்ஸில் தூண்டிலுக்கு எட்டாத வயதிலேயே குஞ்சுகள் சாகின்றன. இங்கே தூண்டிலை முற்றாக நிறுத்துவதால் பெரிய மீன்கள் மிஞ்சும். அவற்றின் பசியும் மிஞ்சும். மூடுவது ஏரிக்குச் சற்று மூச்சுவிட இடம் தரலாம், தெளிந்துபோன நீரைப் பழையபடி மாற்றித் தராது.

வலுவான ஆட்சேபம் கரையோரத்திலிருந்து வருகிறது. ஏரியைச் சுற்றியுள்ள விடுதிகள், இரைக் கடைகள், இருபது முப்பது பேரை ஏற்றிச்செல்லும் பெரும்படகுகள் எல்லாம் பிழைப்பது பள்ளி விடுமுறை மாதங்களில். ஜூலையை மூடினால் அவர்கள் வயிற்றில் அடிப்பது போலாகும். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கோடையில் வீணாகச் சாகும் மீனும் அதே ஒதுக்கீட்டிலிருந்துதான் கழிகிறது. 2015-இல் நடந்ததுபோல் நடுப்பருவத்தில் திடீரென்று கதவடைப்பதுதான் முன்பதிவு செய்த விருந்தினரைத் துரத்துகிறது. முன்னரே அறிவித்த குறுகிய கோடைத் தடையும், மே மாதத்திலும் இலையுதிர்காலத்திலும் உறுதியாக எடுத்துப் போகக்கூடிய ஓரிரு மீனும் வணிகத்துக்கு அதைவிட நம்பகமானவை. தடை மாதத்திலும் அந்த ஏரியின் பெயர்பெற்ற ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்குத் தூண்டில் போட வழி உண்டு.

ஆகவே வசந்தப் பருவத்தைத் தீர்ப்பிட வேண்டியது சினையின் புனிதத்தைக் கொண்டோ விட்டுவிடும் கையின் பெருந்தன்மையைக் கொண்டோ அல்ல. வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு மீனுக்கும் ஏரியில் எத்தனை வீணாகச் செத்தது, அந்தச் சாவு எவ்வளவு துல்லியமாகக் கணக்கில் ஏறியது என்ற இரண்டு கேள்விகள் போதும். இரண்டிலும் மே மாதம் ஜூலையை வெல்கிறது. குறுகிய நீள வரம்பைத் தளர்த்தி, முதலில் பிடிபட்ட ஓரிரண்டோடு தூண்டிலைச் சுருட்டச் சொல்லும் விதியை வசந்தத்துக்கு வைக்கலாம். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வாரங்களில் பிடித்து விடுவதையும் கொல்வதாகவே எண்ணிக் கட்டுப்படுத்த வேண்டும். இதனால் தெளிந்த நீர் மீண்டும் மங்கிவிடாது. சிப்பிகள் போய்விடப்போவதும் இல்லை. ஏரி இன்று தரக்கூடிய கொஞ்ச மீனாவது யாருக்கும் பயன்படாமல் அடியில் மக்கிப்போகாமல் தட்டுக்கு வந்து சேரும். மனிதர் கையில் இருக்கும் பகுதி அவ்வளவுதான், அதைக்கூடச் சரியாகச் செய்யாமல் இருப்பதற்குச் சாக்கு இல்லை.