சிதம்பரம் கொத்சு: சுற்றுலாவும் சுவை மாற்றமும்

சிதம்பரம் கொத்சு, கடலூர் மாவட்டம் சிதம்பரத்தின் பெயரால் அறியப்படும் கத்திரிக்காய்த் தொடுகறி. நடராசர் கோயில் நைவேத்தியமான சம்பா சாதத்துக்கு இணையாக வழங்குவது. இன்று வெளியூர்ப் பயணிகளிடம் இது பெரும்பாலும் இட்லி, பொங்கலுக்கான தொடுகறியாகவே சென்று சேர்கிறது.

இணையின் பொருத்தம்

சம்பா சாதம் குழம்பு ஊற்றிப் பிசையும் சோறு அன்று. மிளகும் சீரகமும் பொடித்து, நெய்விட்டுக் கலந்து செய்யப்படுவது. அதில் காரமும் நெய்ப்பும் உண்டு, புளிப்பு இல்லை. அந்த இடத்தைக் கொத்சு நிரப்புகிறது. கத்திரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, வறுத்து அரைத்த மல்லி, மிளகாய்ப் பொடி சேர்த்துக் கெட்டியாக இறக்குவார்கள். ஒன்றில்லாமல் மற்றதன் சுவை முழுமையாக விளங்காது.

மாற்றத்தின் காரணம்

ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்திரா தரிசனம் ஆகிய விழாக்களுக்கு வருவோரிலும், பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகேறச் செல்வோரிலும் பலர் ஊரில் சில மணி நேரமே தங்குகின்றனர். சிற்றுண்டிக்கு அவர்கள் கேட்பது பழகிய இட்லியை. இட்லிக்கு ஊற்றிக்கொள்ளும் பதம் வேண்டும். ஆகவே கொத்சு நீர்க்கிறது. வெங்காயமும் தக்காளியும், சில இடங்களில் பாசிப்பருப்பும் சேர்கின்றன. கத்திரிக்காயும் புளிப்பும் பின்தள்ளப்பட்டு, அது சாம்பாரை நெருங்குகிறது.

மதிப்பீடு

மாற்றத்தையே பிழை எனக் கொள்வது பொருந்தாது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. என்றும் மாறாத கொத்சு என ஒன்றைக் காட்ட இயலாது. சம்பா சாதம் உணவகப் பட்டியலிலிருந்து விலகி, அதன் துணைக்கறி மட்டும் ஊர்ப்பெயரோடு விற்கப்படுவதே இழப்பு. பயணி உண்டது சிதம்பரத்தின் சுவை என்று நம்பித் திரும்புகிறார்.

சீனாவின் சிச்சுவான் மாகாணம் வேறொரு வழியைக் காட்டுகிறது. அதன் தலைநகர் செங்டு, 2010-இல் யுனெஸ்கோவின் உணவுக்கலை நகரங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அங்கு காரம் தாங்காத விருந்தினருக்கு நடுவே தடுப்பு வைத்த சட்டி உண்டு. ஒரு பாதியில் காரமற்ற சாறு. மறுபாதியில் மிளகாயும் சிச்சுவான் மிளகும் இட்ட சாறு குறையாமல் கொதிக்கிறது. விருந்தினருக்கு இடம் கொடுக்க மூலச்சுவையைக் கரைக்க வேண்டியதில்லை.

சிதம்பரத்திலும் இது இயலும். இட்லிக்கு நீர்த்த கொத்சு இருக்கலாம். அதே பட்டியலில் சம்பா சாதமும் கெட்டிக் கொத்சும் இருந்தால் பயணி இரண்டையும் ஒப்பிட்டுச் சுவைக்க முடியும். இல்லையெனில் ஊரின் பெயர் வெளியே பரவும். ஊரின் சுவை கோயிலோடும் சில வீடுகளோடும் நின்றுவிடும்.